எம்ஜிபி காரின் எக்ஸாஸ்டை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை கட்டப்பட்ட எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியது இது. திறந்த கூரை ரோட்ஸ்டர், மூடிய கூரை ஜிடி இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் 1,798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான். ஆறு சிலிண்டர் எம்ஜிசி, வி8 ஜிடி ஆகியவற்றின் அமைப்பே வேறு. மேனிஃபோல்ட் என்றால் எஞ்சினிலிருந்து வரும் புகையைத் திரட்டிக் குழாய்க்குள் அனுப்பும் பாகம். இங்கே எக்ஸாஸ்ட் என்றால் அதற்குக் கீழே தொடங்கி வால்குழாய் வரைக்கும் உள்ள மொத்தமும். சைலன்சர் என்றால் அந்தக் குழாயில் சத்தத்தைக் குறைக்கும் டப்பா மட்டும்.

மெக்கானிக் இல்லாமல் நானே செய்துவிட முடியுமா?

முடியும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கைப்பழக்கம் தொடங்குவதற்கு ஏற்ற வேலைகளில் இதுவும் ஒன்று. எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, சென்சார் கிடையாது. புதிய குழாயை மாட்டுவது ஒரு மதியப் பொழுது வேலை. பழையதைக் கழற்றுவதுதான் நேரத்தைத் தின்னும். ஒரு நட்டு அடம் பிடித்தால் அதற்கே ஒரு நாள் போகலாம். அதனால் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக இந்தக் கார்தான் வேண்டும் என்ற நிலையில் ஞாயிறு மாலை தொடங்காதீர்கள்.

சமமான கான்கிரீட் தரை இல்லாதவர்கள் மட்டும் இதைத் தொடவேண்டாம். புல்தரை, சரளைக்கல், சரிவான வாசல் எதுவும் ஆகாது.

ஓட்டை விழுந்த இடத்தில் ஒட்டுப் போட்டு ஓட்டக்கூடாதா?

ஒரு மாதம் ஓட்டலாம். அதற்கு மேல் அந்த ஒட்டு நிற்கும் இடம் நிற்காது. காரணம், இந்தக் குழாய் பெரும்பாலும் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. எஞ்சினுக்கு அருகே குழாய் கொதிப்பதால் அங்கே ஈரம் தங்காது. பின்புற சைலன்சர் கடைசியில் இருப்பதால் சூடேற வெகுநேரம் ஆகும். கடைக்குப் போய்த் திரும்பும் சின்ன ஓட்டத்தில் அது சூடாகவே ஆகாது. ஆவி அங்கே குளிர்ந்து நீராகித் தேங்குகிறது, புகையில் உள்ள அமிலமும் அதில் கரைகிறது. ஆகவே வெளியே ஊசித்துளை தெரிந்தால் உள்ளே தடுப்புத் தகடுகள் ஏற்கெனவே உதிர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் உயிர் இருக்கிறது; மொத்தென்று கேட்டாலோ உள்ளே கலகலத்தாலோ மாற்றவேண்டியதுதான்.

மேனிஃபோல்ட் பக்கம் கசிவு இருந்தால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். புகை பெடல்களுக்குப் பக்கத்தில் உள்ள இடுக்குகள் வழியே கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும்தான் அறிகுறி. கூரை திறந்திருந்தாலும் ஆபத்து இல்லை என்று நினைக்கவேண்டாம். ஓடும் காரின் பின்னால் உண்டாகும் காற்றுச் சுழல் புகையை இருக்கைப் பக்கமே இழுத்துவரும்.

சாதா ஸ்டீல் வாங்கலாமா, ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா?

வண்டியை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. வருடத்துக்குச் சில நூறு மைல் மட்டும் ஓடி, மீதி நாள் கராஜில் தூங்கும் கார்தான் சாதா ஸ்டீலை வேகமாகத் தின்கிறது. தினமும் நெடுந்தூரம் ஓடும் காரில் குழாய் காய்ந்துவிடும். இன்றைக்கு எம்ஜிபிகளில் பெரும்பாலானவை முதல் வகை என்பதால் ஸ்டெயின்லெஸ் கூடுதல் காசுக்குத் தகுந்தது என்பது என் கருத்து.

ஸ்டெயின்லெஸ் என்ற பெயரில் இரண்டு தரம் விற்பனையில் உண்டு. 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்தது, நீடித்து வரும். 409 மலிவு, குரோமியம் குறைவு, மேலே பழுப்புப் படரும், ஆனாலும் சாதா ஸ்டீலைவிட மேல். கடைக்காரர் வெறுமனே "ஸ்டெயின்லெஸ்" என்று சொன்னால் எந்தத் தரம் என்று கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்தாலும் தெரியும்: 409 நன்றாக ஒட்டும், 304 ஒட்டாது, வளைத்த இடங்களில் மட்டும் லேசாக இழுக்கலாம்.

304-இல் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சூட்டில் அது சாதா ஸ்டீலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். 3 மீட்டர் குழாய் சராசரியாக 200 டிகிரி செல்சியஸ் ஏறினால் சாதா ஸ்டீல் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். 304 சுமார் 10 மில்லிமீட்டர். அந்த நீட்சிக்கு ரப்பர் தாங்கிகளில் இடம் விடவேண்டும். சத்தமும் கொஞ்சம் உலோகத்தனமாக இருக்கும். சிலருக்கு அதுவே பிடிக்கிறது.

பெரிய குழாய், ஸ்போர்ட்ஸ் சைலன்சர் போட்டால் வேகம் கூடுமா?

சத்தம் கூடும். ஆரம்பகால எம்ஜிபி நிமிடத்துக்கு 5,400 சுழற்சியில் 95 குதிரைசக்தி தந்தது. அதற்குக் கம்பெனி கொடுத்த குழாயின் விட்டம் 2 அங்குலத்துக்கும் குறைவு. எஞ்சினின் மூச்சுக்கு அது போதும். தலைப்பகுதி, கேம், கார்புரேட்டர் எதையும் மாற்றாமல் குழாயை மட்டும் பெரிதாக்கினால், வாயு குழாயில் ஓடும் வேகம் குறைந்து, கீழ்ச் சுழற்சியில் இழுவைதான் குறையும்.

இதை வைத்து "எஞ்சினுக்குப் பின்னழுத்தம் தேவை" என்று சொல்வார்கள். எந்த எஞ்சினுக்கும் பின்னழுத்தம் தேவையில்லை. தேவைப்படுவது வாயுவின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியேறும் புகை தனக்குப் பின்னால் தாழ்ந்த அழுத்தத்தை விட்டுச்செல்லும். அது அடுத்த புகையை இழுத்துக்கொள்ளும். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் அந்த இழுவை போய்விடுகிறது.

இன்னொன்று, இரண்டு சைலன்சர் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று வைத்த 'ஸ்போர்ட்ஸ்' செட்டுகள் நெடுஞ்சாலையில் காதைக் குடையும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுழற்சியில் நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் முழக்கம் சின்னக் கேபினுக்குள் தங்கிக்கொள்ளும். ஓவர்டிரைவ் (எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) போட்ட எம்ஜிபி மணிக்கு 70 மைலில் ஓடும்போது சுழற்சி 3,100, 3,200 என்று சரியாக அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. கடைவாசலில் பத்து நிமிடம் கேட்க இனிமையாக இருப்பது மூன்று மணிநேரப் பயணத்தில் தண்டனை. இரண்டு சைலன்சர் உள்ள பழைய அமைப்பையே வாங்குங்கள்.

மேனிஃபோல்டையும் மாற்றவேண்டுமா?

விரிசல் இல்லையென்றால் வேண்டாம். கம்பெனி வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் நன்றாகவே வடிவமைக்கப்பட்டது. தலையில் மூன்றே எக்ஸாஸ்ட் வாய்கள். நடுவில் உள்ளதை 2, 3-ஆம் சிலிண்டர்கள் பகிர்ந்துகொள்கின்றன. மேனிஃபோல்டிலிருந்து இரண்டு வாய்கள் கீழே இறங்கி முன்குழாயில் ஒன்றாகச் சேர்கின்றன. சாலையில் ஓட்டும் வண்டிக்கு, வளைகுழாய் மேனிஃபோல்ட் தரும் லாபம் மிகச் சிறியது. சூடும் சத்தமும் பெரியவை.

மேனிஃபோல்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளிழுக்கும் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சில ஸ்டட்களையும் (தலையில்லாத மரையாணிகள்) தடித்த வாஷர்களையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே வாஷர் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்துகிறது. புதிய மேனிஃபோல்டின் விளிம்புத் தடிமன் பழையதோடு ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு முறுக்கினாலும் ஒரு பக்கம் காற்று இழுக்கும். ஸ்கேல் வைத்து அளந்து, தேவைப்பட்டால் படி வைத்த வாஷர் (ஒரு பாதி தடித்தும் மறுபாதி மெலிந்தும் இருப்பது) போடுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

இந்தக் கார் அங்குலக் கார். மில்லிமீட்டர் ஸ்பேனர் 'கிட்டத்தட்ட' பொருந்தும், நட்டின் முனையை உருட்டிவிடும். ஏஎஃப் அளவு (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு நடுவே உள்ள அங்குல அளவு) சாக்கெட் செட், அதுவும் ஆறுமுக சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட். துருவில் ஊடுருவும் எண்ணெய், இரும்பு அறுக்கும் வாள், கம்பி பிரஷ், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. கண்ணாடி இல்லாமல் கீழே படுக்காதீர்கள். துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

புதிய கேஸ்கெட் (இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் தகடு), புதிய பித்தளை நட்டு, புதிய ரப்பர் தாங்கி, புதிய கிளாம்ப் ஆகியவற்றையும் குழாயோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பழைய ரப்பரில் புதிய குழாயைத் தொங்கவிடுவது காசை மிச்சம் பிடிப்பது ஆகாது.

காரை எப்படித் தூக்கி நிறுத்துவது?

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். ஜாக்கியின் மேல் நிற்கும் காருக்குக் கீழே தலையையோ கையையோ நீட்டாதீர்கள். செங்கல், மரக்கட்டை அடுக்கு எதுவும் கூடாது. எடை குறிப்பிட்ட நான்கு ஸ்டாண்டுகள் வேண்டும். முன்பக்கம் சேசிஸ் நீளச்சட்டத்தின் கீழே. பின்பக்கம் ஆக்சில் குழாயின் கீழே, ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில்.

பின்னால் ஆக்சிலின் கீழே வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உடலைத் தூக்கி நிறுத்தினால் ஆக்சில் கீழே தொங்கிவிடும். அப்போது குழாய்க்கும் ஆக்சிலுக்கும் நடுவே தெரியும் இடைவெளி பொய். சக்கரம் தரையில் பட்டதும் அது மாறிவிடும். ஆக்சிலின் கீழே ஸ்டாண்டு வைத்தால் ஸ்பிரிங் பாரத்தில் இருக்கும், நீங்கள் பார்ப்பதே சாலையில் இருக்கும் இடைவெளி.

தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழமாவது இருக்கட்டும். நான்கு ஸ்டாண்டும் அமர்ந்த பிறகு, கீழே போகும் முன் பம்பரைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். அது விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். 1967-க்கு முந்தைய வண்டிகளில் பாசிட்டிவ் பக்கம்தான் எர்த் (வண்டி உடலோடு இணைந்த பக்கம்) என்பதை நினைவில் வையுங்கள்.

மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள நட்டுகள் அசையவே இல்லை. என்ன செய்ய?

இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் வருகிறார்கள்.

முன்குழாயை மேனிஃபோல்டோடு பிடித்திருப்பவை ஆறு நட்டுகள், ஒரு வாய்க்கு மூன்று. யாராவது அக்கறையாகப் பராமரித்த வண்டி என்றால் அவை பித்தளையாக இருக்கும். பித்தளை இரும்பு ஸ்டட்டோடு துருவால் ஒட்டாது. இடையில் யாரோ சாதா இரும்பு நட்டு போட்டிருந்தால் சிக்கல்தான்.

முதலில் பொறுமை. வேலை தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் எண்ணெய் விடுங்கள். ஸ்டட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ் கொண்டு சுத்தம் செய்யுங்கள். எல்லோரும் மறப்பது இதுதான்: நட்டு உள்ளே அசைந்தாலும், வெளியே வரும் வழியில் மரையில் துரு அடைத்திருந்தால் அங்கே மாட்டிக்கொண்டு ஸ்டட்டையே முறித்துவிடும்.

பிறகு ஆறுமுக சாக்கெட்டை ஆழமாகப் பொருத்தி, முதலில் மிக லேசாக இறுக்கும் திசையில் அழுத்துங்கள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு துருப்பிணைப்பு உடைந்தால் பாதி வேலை முடிந்தது. அதன் பிறகு கழற்றும் திசையில் கால் சுற்று, திரும்ப இறுக்கும் திசையில் கொஞ்சம், மறுபடி எண்ணெய், மறுபடி கழற்றும் திசை. ஒரே மூச்சில் சுற்றி எடுக்கப் பார்க்காதீர்கள். கீழிருந்து நீள எக்ஸ்டென்ஷன் போட்டு அணுகுவது எளிது. கை எட்டாத மூலைக்கு யுனிவர்சல் ஜாயிண்ட். இடதுபக்க ஸ்டியரிங் வண்டிகளில் ஸ்டியரிங் தண்டும் அதே பக்கம் ஓடுவதால் இடம் இன்னும் குறுகும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. ஆனால் பொறுங்கள்: இந்த எஞ்சினில் கார்புரேட்டர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் பெட்ரோல் இருக்கிறது. நீங்கள் தெளித்த எண்ணெயும் எரியும். கார்புரேட்டர்களைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து, தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் புரோப்பேன் தீயைக் கொண்டுபோகலாம். கார்புரேட்டர் கழற்ற மனமில்லையென்றால் தீயை மறந்துவிட்டு நட்டுப் பிளப்பான் வாங்குங்கள். நட்டை உளியால் பிளப்பது போலப் பிளக்கும், ஸ்டட் தப்பிக்கும்.

ஸ்டட் முறிந்துவிட்டது.

முடிந்தால் மேனிஃபோல்டை மேசைக்குக் கொண்டுவாருங்கள். காருக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு நேராகத் துளையிட யாராலும் முடியாது. முறிந்த முனை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு ஆறும்போது திருகலாம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மட்டமாக முறிந்திருந்தால் நடுப்புள்ளி குத்தி, இடச்சுற்று துளையாணியால் துளையிடுங்கள். சில சமயம் துளை போடும்போதே முனை சுழன்று வெளியே வந்துவிடும். துளைக்குள் செருகித் திருகும் கடின ஆணி உள்ளேயே உடைந்தால் அதைத் துளைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. சந்தேகம் இருந்தால் அந்த ஒரு பாகத்தை மட்டும் மெஷின் ஷாப்புக்குக் கொடுங்கள்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்கலாமா?

உலர்ந்த நிலையில் வேண்டாம். பழைய எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டது 1999-இல்தான். தண்ணீர் தெளித்து நனைத்து, மழுங்கிய தகட்டால் மெல்லத் தள்ளி எடுத்து, பையில் கட்டிவிடுங்கள். மின் பிரஷ், சாண்ட்பேப்பர் எதையும் அதில் போடாதீர்கள்.

பழைய குழாயை வெட்டி எடுக்கலாமா?

திரும்பப் போடப்போவதில்லை என்றால் தாராளமாக. ஒட்டிப்போன இணைப்புகளோடு மல்லுக்கட்டுவதைவிட அது சுலபம். ஆனால் பின்பக்கத்தில் கைவாள் மட்டும். எம்ஜிபியின் பெட்ரோல் டேங்க் டிக்கியின் தரைக்குக் கீழேயே தொங்குகிறது; அதன் பக்கத்தில் கிரைண்டர் பொறி பறக்கக்கூடாது. வெட்டும் முன் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எங்கே ஓடுகின்றன என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியதை எந்த வரிசையில் மாட்டுவது?

எதையும் இறுக்காமல். முழு எக்ஸாஸ்டையும் முன்குழாய் முதல் வால்குழாய் வரை தளர்வாகத் தொங்கவிட்ட பிறகே முதல் நட்டை இறுக்கவேண்டும். முன்னாலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே பின்னால் போனால், முன்னால் விட்ட இரண்டு டிகிரி திருப்பம் வால்முனையில் பம்பரைத் தொடும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.

மேனிஃபோல்ட் வாய்களின் முகத்தைச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கெட் வைத்து, முன்குழாயை ஏற்றி, ஆறு நட்டையும் விரலால் மட்டும் சுற்றுங்கள். கியர்பாக்ஸ் பக்கத் தாங்கியைத் தளர்வாகப் போடுங்கள். பிறகு நடுக்குழாய், சைலன்சர்கள், பின் தாங்கிகள். செருகும் இணைப்புகள் ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்றரை அங்குலம் உள்ளே போகட்டும். மலிவு செட்டுகளில் வளைவு சில மில்லிமீட்டர் தவறியிருப்பது சகஜம். அதை ரப்பரை இழுத்துச் சரிசெய்யாதீர்கள், இணைப்பைச் சுழற்றிச் சரிசெய்யுங்கள். ரப்பர் எதுவும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கக்கூடாது.

இப்போது கீழே படுத்து, குழாயைக் கையால் எல்லாப் பக்கமும் அசைத்துப் பாருங்கள். எஞ்சின் தன் ரப்பரில் ஆடும்போது குழாயும் கூடவே ஆடும். தரைத்தகடு, ஆக்சில், பிரேக் குழாய் எல்லாவற்றிலிருந்தும் ஒரு விரல் தடிமனாவது விலகியிருக்கவேண்டும். திருப்தியானதும் முன்னாலிருந்து பின்னாக இறுக்குங்கள். ஆறு பித்தளை நட்டுகளையும் சுற்று மாற்றிச் சமமாக ஏற்றுங்கள். பித்தளை மரை மென்மையானது, முழு பலத்தையும் காட்டினால் வழுக்கிவிடும். யு வடிவ கிளாம்பை அளவுக்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கும், அடுத்த முறை பிரிக்கவே முடியாது. பட்டை கிளாம்ப் விலை கூடுதல் என்றாலும் குழாயைக் காயப்படுத்தாது. ஸ்டெயின்லெஸ் நட்டு, போல்ட்டு என்றால் மரையில் ஒட்டாமைக் குழம்பு தடவாமல் சுற்றாதீர்கள். ஸ்டெயின்லெஸ் தன்னோடு தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இணைப்பில் பேஸ்ட் போடவேண்டுமா?

செருகும் இணைப்புகளில் மெல்லிய பூச்சு போதும். கேஸ்கெட் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது என்ன பார்க்கவேண்டும்?

திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். கராஜ் கதவு திறந்திருப்பது போதாது. முதல் பத்து நிமிடம் புகையும் நாற்றமும் வரும், குழாயில் பூசிய எண்ணெய் எரிவதுதான் அது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, கையுறை போட்டு, தடித்த துணியால் வால்குழாயை ஒரு நொடி அடைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால் அந்த இணைப்பில் 'புஸ் புஸ்' என்று கேட்கும். சின்னக் கசிவென்றால் சோப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். 50 முதல் 100 மைல் ஓடிய பிறகு, முழுக்க ஆறியதும், எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். புதிய கேஸ்கெட் அமர்ந்து கொஞ்சம் மெலிந்திருக்கும்.

ஆக்சிலரேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிக்கிறதே?

முதலில் மேனிஃபோல்ட் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். இரண்டு புகை அலைகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் தாழும்போது, கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எரியாமல் மிச்சமிருந்த பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து வெடிக்கிறது. கருமை படிந்த கோடு எங்கே என்று பாருங்கள்.

கசிவே இல்லையென்றால் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பாருங்கள். எம்ஜிபியில் வழக்கமாக இருக்கும் எஸ்யூ வகைக் கார்புரேட்டரின் பக்கத்தில் பிஸ்டனைத் தூக்கும் சின்ன ஊசி இருக்கும். எஞ்சின் சூடாக நின்று ஓடும்போது அதால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் உயர்த்துங்கள். சுழற்சி ஏறி அப்படியே நின்றால் கலவை கெட்டி, அதாவது பெட்ரோல் அதிகம். விழுந்து நின்றுபோகப் பார்த்தால் நீர்த்தது, அதாவது பெட்ரோல் குறைவு. நொடிநேரம் ஏறிப் பழையபடி அமர்ந்தால் சரி. வட அமெரிக்காவுக்குப் போன கடைசிக்கால வண்டிகளில் எஸ்யூவுக்குப் பதில் ஒற்றை ஸெனித்-ஸ்ட்ரோம்பெர்க் இருக்கும், அதைச் சரிசெய்யும் முறை வேறு.

மேட்டில் ஏறினால் தட்தட்டென்று இடிக்கிறது. குழாய் சரியாகத்தானே இருக்கிறது?

எஞ்சின் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். அவை தொய்ந்திருந்தால் எஞ்சின் உட்கார்ந்துவிடும், கூடவே குழாயும் இறங்கும். எக்ஸாஸ்டைத் திரும்பத் திரும்பத் திருகிப் பயனில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் 2018 மே 20 முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. கடைசி எம்ஜிபியும் அந்த வயதைத் தாண்டிவிட்டது. சோதனையிலிருந்துதான் விலக்கு, பொறுப்பிலிருந்து இல்லை. கசியும் எக்ஸாஸ்டோடு சாலையில் பிடிபட்டால் குற்றம்தான். சத்தம் கூடும்படி எக்ஸாஸ்டை மாற்றுவதற்கும் தடை உண்டு. ஸ்போர்ட்ஸ் செட் போட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம் விபத்துக் கோரிக்கையின்போது தலைவலியாக வரும். கட்டாயமில்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை எம்ஓடிக்குக் கொண்டுபோய் வேறொருவர் கண்ணில் அடிப்பாகத்தைக் காட்டுவது நல்ல பழக்கம்.

கழற்றிய பழைய சாமானை எப்போது தூக்கிப் போடலாம்?

புதியது 100 மைல் ஓடி, நட்டுகளை இரண்டாம் முறை இறுக்கிய பிறகு. அதுவரை பழைய தாங்கிப் பட்டைகளும் வளைவுகளும்தான் உங்கள் கையில் இருக்கும் அளவுகோல். புதிய செட்டோடு வந்த பட்டை பொருந்தாவிட்டால் பழையதைத் துருநீக்கிப் பெயின்ட் அடித்துப் போட்டுக்கொள்ளலாம். மீதி காயலான் கடைக்கு.